மொட்டைமாடி நீரை வடிகட்டும் செடித்தொட்டி: கொளத்தூரில் கட்டிய அனுபவம்

எங்கள் குடியிருப்பின் பின்பக்கத்தில் 2003-ஆம் ஆண்டு வெட்டப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழி ஒன்று இருக்கிறது. புதிய கட்டடம், பழைய கட்டடம் என்ற வேறுபாடின்றி எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கித் தமிழ்நாடு அரசு அந்த ஆண்டில் அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது, சென்னை முழுவதும் தெருத்தெருவாக வெட்டப்பட்ட குழிகளில் அதுவும் ஒன்று. மூன்றடிச் சதுரம், ஐந்தடி ஆழம், உள்ளே ஜல்லியும் மணலும், மேலே கான்கிரீட் மூடி. அந்த மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தபோது, மணலின் மேல் நான்கு விரற்கடை கனத்துக்குக் கரிய சேறு படிந்து, அதற்கு மேல் பழைய நீர் அசையாமல் நின்றது. மழைக்காலத்தில் நீர் குழிக்குள் இறங்காமல் மூடியின் இடுக்கு வழியாக வெளியேறி நடைவழியில் பரவியதற்குக் காரணம் அந்தச் சேறுதான்.

கொளத்தூர் களிமண் பூமி. திருவான்மியூர், நீலாங்கரை போன்ற மணற்பாங்கான கடலோரப் பகுதிகளில் குழியில் விட்ட நீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிடும். கொளத்தூர், விருகம்பாக்கம், அண்ணா நகர் ஆகிய இடங்களில் அதே குழி நாள் கணக்கில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதோடு மாடித் தூசியும் சேர்ந்துவிட்டால் குழி தொட்டியாகிவிடுகிறது. ஆனால் எங்கள் வளாகத்தில் பழைய உறைகிணறு ஒன்று உண்டு. களிமண் அடுக்கைத் தாண்டி மணல் அடுக்கு வரை இறங்கியுள்ள அந்தக் கிணற்றில் நேரடியாக மழைநீரை விட்டால் நிலத்தடிக்குப் போய்ச் சேரும் என்பது எல்லாருக்கும் தெரியும். மாடியில் உள்ள புறா எச்சமும் வேப்பஞ்சருகும் தூசியும் சேர்ந்து கிணற்றுக்குள் போகும் என்பதால்தான் யாரும் விடவில்லை. ஆக, தேவைப்பட்டது கிணற்றுக்கு முன்னால் ஒரு வடிகட்டி. அந்த வடிகட்டி மூடிக்குள் புதைந்து மறக்கப்படாமல், நாள்தோறும் கண்ணில் படும்படி மண்ணுக்கு மேல் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

அதற்கு நான் தேர்ந்தெடுத்தது மண்ணும் செடியும் நிரப்பிய தொட்டி. இவ்வகைத் தொட்டிகள் புதியவை அல்ல. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில், 1990-களின் தொடக்கத்தில் மண்ணையும் செடியையும் கொண்டு மழை ஓட்டநீரை வடிகட்டும் முறை வடிவம் பெற்றது. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் 2005-ஆம் ஆண்டு தென்மேற்கு 12-ஆவது அவென்யூவில், சாலையோர நடைபாதையை ஒட்டி நான்கு செடித்தொட்டிகளை வரிசையாக அமைத்து, சாலை நீரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழியவிட்டார்கள். இன்று நகர வடிவமைப்புப் பாடங்களில் காட்டப்படும் முன்மாதிரிகளில் அது ஒன்று. இவற்றில் இரு வகை உண்டு. அடிப்பகுதி திறந்திருந்து நீரை அப்படியே நிலத்துக்குள் இறக்குவது ஒரு வகை. அடிப்பகுதியை மூடி, மண்ணின் வழியே வடிந்த நீரை அடியில் உள்ள துளைக்குழாயால் வெளியே எடுப்பது இன்னொரு வகை. களிமண் பூமியிலும், கட்டடத்தின் கடைக்காலுக்கு அருகிலும் முதல் வகை உதவாது. சுவரோரத்தில் நீரைத் தொடர்ந்து இறக்கினால் களிமண் உப்புவதும் சுருங்குவதும் கடைக்காலைப் பாதிக்கும். சுவரில் ஓதம் ஏறும். எனவே இரண்டாவது வகையே எங்களுக்குப் பொருந்தியது.

அளவை முடிவு செய்வதில்தான் நிறைய நேரம் செலவிட்டேன். எங்கள் மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய்களில் பின்பக்கக் குழாய் மட்டும் ஏறத்தாழ 60 சதுர மீட்டர், அதாவது 650 சதுர அடிப் பரப்பின் நீரைக் கொண்டுவருகிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் என்பது அடிப்படைக் கணக்கு. சென்னையின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,400 மி.மீ.; அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. அந்த ஒரு குழாய் வழியாக மட்டும் ஆண்டுக்கு 80,000 லிட்டருக்கு மேல் இறங்குகிறது என்று எண்ணிப் பார்த்தபோது, குடியிருப்போர் கூட்டத்தில் செலவுக்கு ஒப்புதல் வாங்குவது எளிதாயிற்று.

தொட்டியின் பரப்பு, நீர் வரும் கூரைப் பரப்பில் 5 விழுக்காட்டை ஒட்டி இருக்கலாம் என்பது இத்துறையில் பரவலாகக் கொள்ளும் தொடக்கக் கணக்கு. உள்ளளவு 10 அடி நீளம், 3 அடி அகலம் என்று வைத்தேன், அது 2.8 சதுர மீட்டர். மண்ணின் மேல் 6 அங்குலம் நீர் நிற்க இடம் விட்டால் 420 லிட்டர் கொள்ளும். மண் கலவை மணிக்கு 4 அங்குலம், அதாவது 100 மி.மீ. நீரை இறக்கினால் மணிக்கு 280 லிட்டர் வடியும். மணிக்கு 10 மி.மீ. வேகத்தில் பெய்யும் மழையில் குழாய் 600 லிட்டரைக் கொண்டுவரும். 280 வடிந்து 320 மிஞ்சும். ஆகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் தொட்டி தாக்குப்பிடிக்கும். காய்ந்த மண்ணும் ஜல்லி இடுக்கும் உறிஞ்சிக்கொள்வதைச் சேர்த்தால் இன்னும் கூடும். அடைமழையில் கதை வேறு. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டினால் அதே குழாயில் நிமிடத்துக்கு 100 லிட்டர் வரும். நான்கைந்து நிமிடத்தில் தொட்டி நிரம்பி வழியும். 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் பெய்த 49 சென்டிமீட்டர் மழையை மனத்தில் வைத்து ஒரு செடித்தொட்டியை வடிவமைக்க முடியாது; வடிவமைக்கவும் தேவையில்லை. அழுக்கைச் சுமந்து வருவது பெரும்பாலும் மழையின் முதற்பகுதிதான். அதை வடிகட்டிவிட்டு, மிகுந்ததை ஒழுங்காக வழிந்தோடவிட்டால் போதும் என்று முடிவு செய்தேன்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதையே மாடியில் வைக்கலாமே என்று இரண்டாம் தளத்துக்காரர் கேட்டார். ஈரமான மண், ஜல்லி, மேலே நிற்கும் நீர், செங்கல் சுவர் எல்லாம் சேர்ந்து இந்தத் தொட்டி 5 டன்னைத் தாண்டும். தரைதான் அதற்கு இடம். கட்டடச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளியே கட்டினேன். அந்த இடைவெளி இருந்தால்தான் சுவருக்கு வண்ணம் அடிக்கவும், கரையான் ஏறுகிறதா என்று பார்க்கவும், ஓதத்தைத் தவிர்க்கவும் முடியும்.

மண்ணைச் சமப்படுத்தி, இறுக்கி, 4 அங்குல கான்கிரீட் தளம் போட்டு, அதன் மேல் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினோம். ஈரமண் பக்கவாட்டில் தள்ளும் விசை கொஞ்சநஞ்சமல்ல. நாலரை அங்குலச் சுவர் மூன்றடி உயரத்துக்கு நிற்காது. வேலை தொடங்கிய அன்றே கொத்தனார் கேட்ட கேள்வி, இந்த அமைப்பைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே கூர்மையானது: "சார், தண்ணி இதுல நிக்கணுமா, போவணுமா? அதைச் சொல்லிட்டீங்கன்னா பூச்சு எப்படின்னு நான் பாத்துக்கிறேன்." இரண்டும்தான் என்றேன். அடியில் அரையடிக்கு நிற்க வேண்டும், அதற்கு மேல் வருவது போய்விட வேண்டும். அவர் சிறிது யோசித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பூசுவதுபோல நீர்க்காப்புக் கலவை சேர்த்து உட்புறம் இரண்டு பூச்சுப் பூசி, மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக உருட்டிவிட்டார். வெடிப்பு முதலில் வருவது மூலையில்தான் என்பது அவருடைய அனுபவம்.

பிளாஸ்டிக் குழாயும் சிமெண்டும் ஒன்றையொன்று பிடிக்காது என்பதால், சுவரைக் கடக்கும் இடத்தில் குழாயின் மேல் சொல்யூஷன் தடவி, அது காய்வதற்குள் மணலைத் தூவி, சொரசொரப்பான பின் கட்டில் வைத்தோம். நீரூற்றிப் பூச்சை இறுகவிடும் க்யூரிங் முடிந்ததும் குழாய் வாய்களை அடைத்து, தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு இழுத்து ஓர் இரவு விட்டுவைத்தோம். புதுப் பூச்சு சிறிது உறிஞ்சும். அதைத் தாண்டி மட்டம் இறங்கவில்லை. மண் போட்ட பிறகு கசிவைத் தேடுவதைவிட வெறும் தொட்டியில் தேடுவது எவ்வளவோ மேல்.

அடிக்குழாய்க்கு 4 அங்குல பி.வி.சி. குழாயை எடுத்து, கீழ்ப்பாதியின் இரு பக்கமும் 8 மி.மீ. பிட்டால் அரையடிக்கு ஒன்றாகத் துளையிட்டேன். துளையிடும்போது உள்ளே சுருள்சுருளாக விழும் பிளாஸ்டிக் சீவல்களை முழுவதும் தட்டி, கழுவி வெளியேற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அவையே முதல் அடைப்பாகிவிடும். குழாயின் ஒரு முனையை 45 டிகிரி பெண்டு இரண்டைச் சேர்த்து மண்ணுக்கு மேல் கொண்டுவந்து திருகு மூடி போட்டேன். ஒரே 90 டிகிரி எல்போ போட்டிருந்தால் செலவு குறையும். ஆனால் பின்னாளில் அடைப்பெடுக்கக் கம்பியோ ஹோஸோ நுழையாது.

மறுமுனை சுவரைக் கடந்து வெளியே வந்ததும் ஓர் எல்போவால் மேல்நோக்கித் திரும்பி, தளத்திலிருந்து 6 அங்குல உயரம் ஏறிய பிறகே கிணற்றை நோக்கி இறங்குகிறது. இந்தச் சிறு ஏற்றத்தால் ஜல்லியின் கீழ்ப்பகுதியில் 160 லிட்டருக்கு மேல் நீர் எப்போதும் தங்கியிருக்கும். இதற்கு இரண்டு பயன்கள். மழையில்லாத வாரங்களில் வேர்கள் அந்த ஈரத்தை எட்டிப் பிடிக்கும். மேலும், காற்றுப் புகாத அந்த ஈர அடுக்கில் வாழும் நுண்ணுயிர்கள், எச்சத்திலிருந்தும் உரத்திலிருந்தும் வரும் நைட்ரேட்டை வாயுவாக மாற்றிக் குறைக்கும். முழுவதும் வடிந்து காயும் தொட்டியில் நைட்ரேட் குறையாது, சில வேளை கூடவும் செய்யும். கிணற்றில் விடும் நீருக்கு இது முக்கியம் என்று கருதியதால், எல்போவைக் கழற்றித் திருப்பக்கூடியதாக, சொல்யூஷன் போடாமல் ரப்பர் வளையத்துடன் பொருத்தினேன். பழுது பார்க்கும் நாளில் அதைக் கீழ்நோக்கித் திருப்பினால் தொட்டி முழுவதும் வடிந்துவிடும்.

அடுக்குகள் கீழிருந்து மேலாக: முக்கால் இஞ்சு ஜல்லி 8 அங்குலம், கால் இஞ்சு சிப்ஸ் எனும் பொடி ஜல்லி 2 அங்குலம், மண் கலவை 18 அங்குலம். ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையே துணிவிரிப்புப் போடுவது நம் ஊரில் வழக்கம். நான் போடவில்லை. நுண்மண் துணியின் கண்ணில் அடைத்துக்கொண்டால் தொட்டியை முழுவதும் தோண்டாமல் அதை மாற்ற வழியில்லை. சிப்ஸ் அடுக்கு அதே வேலையை அடைப்பில்லாமல் செய்யும். ஜல்லியை உள்ளே போடுமுன் கழுவியே ஆக வேண்டும். கல்குவாரித் தூள் ஒட்டியிருந்த எங்கள் ஜல்லியைக் கழுவிய நீர் சாம்பல் கூழாக ஓடியதைப் பார்த்தால், அது தொட்டிக்குள் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மண் கலவைதான் இந்த அமைப்பின் உயிர். மூன்று சட்டி மணல், ஒரு சட்டி செம்மண், ஒரு சட்டி நன்கு மக்கிய இலையுரம் என்ற கணக்கில் கலந்தோம். ஆற்று மணல் கிடைப்பதும் வாங்குவதும் இப்போது எளிதல்ல, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட்தான் வழி. பூச்சு வேலைக்கான பி-சாண்ட் மிக நுண்ணியது, இதற்கு ஆகாது. கான்கிரீட்டுக்கான எம்-சாண்டிலும் கல்மாவு நிறைய இருக்கும் என்பதால், குடிநீர்ப் பாட்டில் ஒன்றில் பாதிக்கு மணலைப் போட்டு, நீர் ஊற்றி, சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி, சன்னல் திண்ணையில் வைத்துப் பார்த்தேன். மணல் முதலில் அடியில் இறங்கியது. அதன் மேல் வெண்சாம்பல் நிறத்தில் மாவு மெல்ல மெல்லப் படிந்து, கடைசியில் ஒரு விரல் பருமனுக்கு உயர்ந்து நின்றது. கழுவிய எம்-சாண்ட் விற்கும் இன்னொரு கடையிலிருந்து பிடி மணல் வாங்கி வந்து அதேபோலச் செய்தபோது, படிந்தது நகம் கனத்துக்குக் கூட இல்லை. விலை கூடுதலானாலும் அதையே வாங்கினோம். பாட்டிலில் செலவாகும் ஓர் இரவைச் சோம்பலால் விட்டுவிடக் கூடாது. கல்மாவு கலந்த மணல் தொட்டியில் இறங்கிவிட்டால் வடியும் வேகம் மீளாது.

உரத்தைக் கூட்டச் சொல்லி நர்சரிக்காரர் எவ்வளவோ வற்புறுத்தினார். செடி வளர்ப்பதுதான் நோக்கம் என்றால் அவர் சொல்வது சரி. இங்கே செடி துணை. வேலையைச் செய்வது மண். உரம் மிகுந்தால் பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் கரைந்து வடிநீரோடு வெளியேறும். வடிகட்டியே அழுக்கின் ஊற்றாகிவிடும். பச்சைச் சாணம் அறவே கூடாது. செம்மண்ணைச் சலித்து, கட்டிகளை உடைத்துச் சேர்த்தோம். மணல் தூசியைப் பிடிக்கும் என்றாலும், கரைந்து வரும் துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்களைப் பிடித்து வைப்பது செம்மண்ணின் களித்துகளும் மக்கிய உரமும்தான் என்பதால், வெறும் மணல் போட்டுவிட்டால் என்ன என்ற கேள்விக்கு இடமில்லை. நிரப்பும்போது யாரையும் தொட்டிக்குள் இறங்கி மிதிக்கவிடவில்லை. அரையடிக்கு ஒரு முறை நீர் தெளித்து மண்ணைத் தானாகப் படியவிட்டோம். முதல் மழைகளுக்குப் பிறகு மண் மேலும் இரண்டு அங்குலம் அமுங்கியது. அதற்கென்று மூட்டை கட்டி வைத்திருந்த கலவையால் நிரவினோம்.

இரண்டு மாடி உயரத்திலிருந்து குழாய் வழியே விழும் நீர், வெறும் மண்ணில் விழுந்தால் ஒரே மழையில் குழி பறித்துவிடும். விழும் மூலையில் செங்கல்லால் ஒன்றரை அடிச் சதுரத்தில் சிறு அறை ஒன்றைக் கட்டி, அதன் தரையில் உடைந்த கடப்பாக்கல் பலகையைப் பதித்து, மேலே உருளைக் கற்களைப் பரப்பினோம். நீர் அங்கே வேகம் தணிந்து, சருகையும் கரட்டு மண்ணையும் விட்டுவிட்டு, செங்கல் இடைவெளிகள் வழியாக மண்பரப்பில் பரவுகிறது. அந்த அறையைக் கையால் அள்ளிச் சுத்தம் செய்துவிடலாம். என் கணிப்பில் முழு அமைப்பிலும் குறைந்த செலவில் அதிகப் பயன் தரும் பகுதி இதுதான்.

வழிந்தோடுவதற்கு, மண்பரப்பிலிருந்து 6 அங்குல உயரத்தில் வாய் திறந்திருக்கும் 4 அங்குல நிமிர்ந்த குழாய் ஒன்று உண்டு. அதன் வாயில் தட்டையான சல்லடையை வைத்தால் ஒரு புங்க இலை போதும் அடைத்துவிட. கூம்பு வடிவ மூடி வைத்தால் இலை பக்கத்தில் ஒட்டினாலும் மேலே வழி இருக்கும். அதுவும் அடைத்தால் என்ன செய்வது என்பதற்காகக் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கச் சுவரின் விளிம்பில் ஓர் அங்குலம் தாழ்த்தி ஒரு வாய்க்கால் விட்டிருக்கிறோம். வடிந்த நீர் கிணற்றுக்கு. வழிந்த நீர் தூர்வாரி மணல் மாற்றிய பழைய குழிக்கு. குழியும் நிரம்பினால் தெரு வடிகாலுக்கு. வடிகட்டாத நீர் எந்த வழியாகவும் கிணற்றுக்குப் போகக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை.

செடித் தேர்வில் ஒரே நிபந்தனை: ஒரு வாரம் வேரில் நீர் நின்றாலும் அழுகக் கூடாது, மே மாதத்தில் வாடினாலும் சாகக் கூடாது. கல்வாழை முதலிடம் பெற்றது. அதன் கிழங்கு எதையும் தாங்கும். நீர் விழும் பக்கம் குடைக்கோரை, ஓரங்களில் எலுமிச்சைப்புல், தரையை மூட வல்லாரை. வெட்டிவேர் வைக்கலாமே என்று பலரும் கேட்டார்கள். அதன் வேர் ஆள் உயரத்துக்கும் மேலாக இறங்கக்கூடியது. ஒன்றரை அடி மண்ணில் அடைத்தால் அது ஜல்லியைத் துளைத்துக் குழாய்த் துளைகளைத்தான் தேடும் என்று அஞ்சித் தவிர்த்தேன். வல்லாரையைச் சமையலுக்குப் பறிக்கக் கூடாது என்று எல்லா வீட்டுக்கும் சொல்லியிருக்கிறது. புறா எச்சம் கரைந்து வரும் மண் அது.

முதலில் வடிந்த நீர் கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது. மக்கிய உரத்தின் சாறும், பூச்சிலிருந்து வரும் சுண்ணாம்பும், மிச்சமிருந்த தூளும் கலந்த அந்த நீரைக் கிணற்றில் விடாமல், எல்போவைத் திருப்பிச் சாக்கடைக்கு விட்டு, ஹோஸால் நீர் பாய்ச்சிப் பாய்ச்சிக் கழுவினோம். கண்ணாடித் தம்ளரில் பிடித்து, அடியில் வைத்த செய்தித்தாளின் எழுத்து தெளிவாகத் தெரியும் வரை இதைச் செய்துவிட்டுத்தான் கிணற்றுக் குழாயை இணைத்தோம். வடியும் வேகத்தை அளப்பது எளிது. நீரை 6 அங்குலம் நிற்கவிட்டு, இரும்பு அளவுகோலை மண்ணில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பார்த்தால் போதும். எங்களுக்கு 5 அங்குலத்துக்குச் சற்று மேல் வந்தது. மணிக்கு 2 அங்குலத்துக்குக் கீழே போனால் மேல்மண்ணைக் கிளற வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சென்னையில் நீர் என்றாலே அந்தப் பேனாவை எடுத்து நீட்டுபவர்கள் உண்டு. எங்கள் செயலாளரும் நீட்டினார். மாடிக் குழாயில் வரும் நீரைவிட வடிந்த நீரில் எண் கூடுதலாகக் காட்டியதும், வடிகட்டி நீரைக் கெடுக்கிறது என்று முடிவே செய்துவிட்டார். மழைநீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. மண்ணையும் புதுச் சிமெண்டையும் தொட்டு வரும்போது அது சற்றுக் கூடத்தான் செய்யும். எங்கள் கிணற்று நீரின் உப்போடு ஒப்பிட்டால் அந்தக் கூடுதல் ஒன்றுமில்லை. இந்தத் தொட்டி பிடிப்பது கலங்கல், எச்சம், எண்ணெய்ப்பசை, உலோகம் ஆகியவற்றை. அவற்றில் எதையும் அந்த மீட்டர் காட்டாது. அதேபோல, வடிந்து வரும் நீர் தெளிவாக இருப்பதால் குடிக்கலாம் என்றும் யாரும் எண்ணிவிடக் கூடாது. கிருமிகள் குறையும், முற்றிலும் நீங்கா.

கொசு பற்றிய கேள்வியும் நியாயமானதே. டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகிறது. நிரம்பிய தொட்டி ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடுவதால் மேற்பரப்பில் அதற்கு வாய்ப்பில்லை. அடியில் நிற்கும் நீர் ஜல்லிக்குள் மூடியிருக்கிறது. கொசு அங்கே போக இரண்டே வாசல்கள், சுத்தம் செய்யும் குழாயின் வாயும் கிணற்றுக்குள் திறக்கும் முனையும். முதலாவதற்குத் திருகு மூடி, இரண்டாவதற்குத் துருப்பிடிக்காத கம்பி வலை. வீடு வீடாகச் சோதனைக்கு வரும் மாநகராட்சிப் பணியாளர் மூடியைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்; அது நல்லதே.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் செய்ய வேண்டியதைப் பருவத்துக்கு முன் செய்துவிட வேண்டும். புரட்டாசிக்குள் மாடியைப் பெருக்கி, நீர் விழும் அறையை அள்ளி, மேல்மண்ணில் கோடைத் தூசி கட்டியிருக்கும் மெல்லிய பொறுக்கைக் களைக்கொத்தால் கீறிவிட வேண்டும். பொறுக்கு அகன்றதும் அடியில் மண்புழு நெளிவதைப் பார்க்கலாம். யாரும் கொண்டுவந்து விடவில்லை. உரத்தோடு வந்திருக்க வேண்டும். அவை துளைக்கும் வழிகளும், பட்டுப்போன வேர்கள் விட்டுச்செல்லும் வழிகளும்தான் மண் அடைபடாமல் காக்கின்றன. மூடிக்குள் கிடக்கும் மணல் வடிகட்டிக்கு இந்த உதவி கிடைப்பதில்லை. கோடையில் கல்வாழைக்கு நீர் வேண்டும். முதல் தளத்து ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைச் சிறு குழாயால் தொட்டிக்குத் திருப்பியிருக்கிறோம். அது ஏறக்குறைய உப்பில்லாத நீர் என்பதால் தாராளமாக விடலாம். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரை விட வேண்டாம். உப்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். மாடியில் சோப்புத்தூள் போட்டுத் துணி துவைப்பதையும் பின்பக்கச் சரிவில் நிறுத்தியாயிற்று.

வண்டி நிறுத்துமிடத்து நீரையும் இதிலேயே சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. வண்டிகள் ஓடும் தரையின் நீரில் எண்ணெயும் டயர்த் துகளும் கலந்திருக்கும். அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் மழைக்குப் பின் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் செத்து மிதந்ததற்கு, டயர் ரப்பரில் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் 6பிபிடி-குயினோன் காரணம் என்று 2020-இல் கண்டறிந்தார்கள். அதற்கு முன்பே, அதே சாலை நீரை மணலும் உரமும் கலந்த மண்ணின் வழியே வடிகட்டியபோது மீன்கள் பிழைத்ததை அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். எனவே மண்ணுக்கு அந்த ஆற்றல் இல்லாமல் இல்லை. ஆனால் அவ்வாறு வடிகட்டிய நீரைக் குடிக்கவும் குளிக்கவும் நீர் இறைக்கும் கிணற்றில் விடுவது வேறு காரியம். மேலும் வண்டித் தரை தொட்டியின் விளிம்பைவிட மூன்றடி தாழ்வு. மோட்டார் வைத்து ஏற்ற வேண்டியிருக்கும். அந்த நீருக்குத் தரைமட்டத்தில் தனிப் பாத்தி அமைத்து, வடிகாலுக்கு விடுவதே முறை.

அடுத்து முன்பக்கக் குழாய்க்கு ஒரு தொட்டி கட்டுவதாக இருக்கிறோம். அங்கே மதில்சுவருக்கும் நடைவழிக்கும் இடையே இரண்டடி அகலமே கிடைக்கும் என்பதால் நீளம் 14 அடியாகிறது. மதில்சுவரின் அடித்தளம் ஆழமில்லாதது. அதைச் சாராமல் தனிச் சுவரே எழுப்ப வேண்டும். நீளம் கூடுவதால் நடுவில் ஒரு குறுக்குச் சுவரும், நீர் ஒரே முனையில் விழாமல் பரவ மேலே துளையிட்ட பகிர்வுக் குழாயும் தேவைப்படும். மணல் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். பாட்டில் சோதனைக்குப் பிறகுதான் லோடு இறங்கும்.